சும்மா கிடந்த மேடும் சும்மா இருந்த நானும்

அன்பிற்குரிய மைத்துனருக்கு,

உன் அக்காவைக் கைப்பிடித்த நாள் முதல் வாய் திறக்காமல் குடித்தனம் நடத்தும் அத்தான் எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். அங்கேயும் அப்படியே என்று நம்புகிறேன். இதைப் படித்து முடிக்கும்வரை உட்கார்ந்தே இரு.

வீட்டுக்குப் பின்னால் இருக்கும் மேட்டு நிலம் உனக்குத் தெரியும். உன் அக்கா அதில் களை பறிப்பாள், விறகுக்குப் புதர் வெட்டுவாள், ஆடு மேய்ப்பாள், நான் மேற்பார்வை. பிறகு அவள் துணி தைக்கும் கம்பெனிக்கு வேலைக்குப் போனாள். கையில் சம்பளம் வந்ததும் கேஸ் அடுப்பு வந்தது, ஆடுகள் போயின, மேட்டுப் பக்கம் போக ஆளில்லை. மேற்பார்வை பார்க்க ஒன்றும் இல்லாததால் நானும் போகவில்லை. இடுப்பளவு புல் வளர்ந்துவிட்டது.

போன மாதம் ஒரு காலை ஜன்னலைத் திறந்தால், நம் மேட்டில் நாலைந்து பேர் குப்புறப் படுத்துக் கிடக்கிறார்கள். தடியோடு ஓடினேன். தொலைநோக்கியோடு கிடந்த ஓர் அம்மா தலையைத் தூக்காமல், "ஐயா, அப்படியே நில்லுங்க. அடுத்த கால வச்சீங்கன்னா முட்டை உடைஞ்சிடும்" என்றார். ஒற்றைக் காலில் நின்றபடி விசாரித்தேன். வனத்துறை அதிகாரியாம். இந்தப் பக்கமே இல்லாமல் போனதாக நினைத்த ஏதோ தரைப்பறவை நம் மேட்டில் குடும்பம் நடத்துகிறதாம். "எப்படிங்க காப்பாத்துனீங்க?" என்று கேட்டார். "ஒண்ணும் செய்யலீங்க" என்றேன். "அதைத்தாங்க யாரும் செய்ய மாட்டேங்கிறாங்க" என்று கண்கலங்கினார். பள்ளிக்கூடத்தில் கூட்டம் போட்டு என்னைப் பேசவும் வைத்தார்கள். மாப்பிள்ளை, சும்மா இருந்ததற்காக வாழ்க்கையில் முதல் முறையாகக் கைதட்டல் வாங்கினேன். "என் சம்பளத்துல வளந்த புல்லுக்கு இவருக்குக் கைதட்டா" என்று உன் அக்கா கடைசி பெஞ்சில் முணுமுணுத்தது மேடை வரை கேட்டது.

அடுத்த வாரமே கம்பெனியில் ஆட்களைக் குறைத்தார்கள். உன் அக்கா வீட்டுக்கு வந்தாள், கேஸ் தீர்ந்திருந்தது, நேராக அரிவாளைத் தீட்ட உட்கார்ந்தாள். "குஞ்சு பொரிச்சிருக்கும்மா" என்றேன். "அது குஞ்சுக்கு நான் இரக்கப்பட்டா, நம்ம அடுப்புக்கு யாரு இரக்கப்படுவா?" என்றாள். அதிகாரி அம்மாவிடம் ஓடினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "வீட்டுல வேற யாராவது சம்பாதிச்சா புதரை வெட்டத் தேவையிருக்காதே? உங்களுக்கு உடம்பு நல்லாத்தானே இருக்கு?" என்றார். தலையில் இடி விழுந்தது போல இருந்தது. ஒரு குருவிக்காக நான் இந்த வயதில் வேலைக்குப் போவதா? போகத்தான் வேண்டும் போலிருக்கிறது. குஞ்சுகளைப் பார்த்துத் தொலைத்துவிட்டேன் மாப்பிள்ளை, பஞ்சு உருண்டை மாதிரி என் செருப்புக்குப் பின்னாலேயே ஓடி வந்தன, அதன் பிறகு சோறு இறங்கவில்லை. எனவே உன் பக்கத்தில் உட்கார்ந்தே செய்கிற வேலை ஏதாவது இருந்தால் உடனே தெரிவி. அதுவரை அரிவாளைப் பரணில் ஒளித்து வைத்திருக்கிறேன்.

பிள்ளைகள் நன்றாகப் படிக்கட்டும். உன் வீட்டு அடுப்பு என்றும் அணையாதிருக்கட்டும்.

இப்படிக்கு,
வேலைக்குப் போகச் சம்மதித்துவிட்ட அத்தான்

பி.கு.: உறையை ஒட்டும்போது அதிகாரி அம்மா வந்தார். வேலை தேட வேண்டாம். பறவைக்குக் காவல் இருக்க மாதச் சம்பளத்துக்கு ஆள் போட்டுவிட்டார்களாம். அந்த ஆள் உன் அக்கா. சந்தோஷத்தில் மேட்டுப் பக்கம் நடந்தேன். "உள்ள வராதீங்க, வெளியாளுங்களுக்கு அனுமதி இல்ல. நான் டியூட்டியில இருக்கேன்" என்கிறாள்.