முள்ளங்கிப் பாத்தியில் டாக்கெட் கோலி

1986 வசந்தத்தில், என் மனைவியை ஒரு தடவையாவது ஏமாற்றிவிடுவது என்று முடிவு செய்தேன். பெரிய ஏமாற்று வேலை ஒன்றும் இல்லை. "லோவெல், போய்ப் பின்பக்கத்தைத் தோண்டு" என்று அவள் வாயால் சொல்ல வைக்க வேண்டும். அவ்வளவுதான்.

ஏன் அவள் வாயால்? இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவளுடைய பூச்செடிகளுக்கு அடியில் பழைய கோலி ஒன்று கிடக்கிறது என்று எனக்குப் பட்டது. தோண்டினேன். கோலி இல்லை. கொஞ்ச நேரத்தில் செடியும் இல்லை. இனி அவள் சொல்லாமல் இந்த வீட்டு மண்ணில் மண்வெட்டி வைப்பதில்லை என்று அன்றைக்குச் சத்தியம் செய்து கொடுத்தேன். சத்தியம் சத்தியம்தான். அதில் ஒரு ஓட்டை இருந்தால் அது என் குற்றமா?

அவள் பெயர் வெல்மா. பெயரிலேயே 'வெல்' இருக்கிறது. என் பெயரிலும்தான் இருக்கிறது. ஆனால் அதற்கு முன்னால் ஒரு 'லோ' வந்து உட்கார்ந்துகொண்டது.

நாங்கள் இருப்பது மேற்கு வர்ஜீனியாவில், ஒஹாயோ ஆற்றங்கரையில் ஒரு சின்ன ஊர். ஒரு காலத்தில் இங்கே தெருவுக்குத் தெரு கண்ணாடிப் பட்டறை. பட்டறைகள் போய்விட்டன. அவை உருட்டிவிட்ட கோலிகள் மட்டும் இன்னும் மண்ணிலும் சுவர் இடுக்கிலும் கிடக்கின்றன. நான் தண்ணீர் மீட்டர் கணக்கெடுத்து ஓய்வு பெற்றவன். வீடு வீடாகப் பின்பக்கம் நுழைகிற வேலை. மீட்டர் பார்த்த கண் அப்படியே கோலியையும் பார்த்தது. இப்போது எங்கள் வீட்டில் சமையலறை தவிர எல்லா அலமாரியிலும் கோலிதான்.

அதிலும் எனக்குப் பைத்தியம் ஒரே ஆள் மேல். ஹைரம் டாக்கெட். உருகிய கண்ணாடியைக் கம்பியில் எடுத்து, கையாலேயே முறுக்கி, வெட்டி விடுவார். அதனால் கோலியின் ஒரு முனையில் ஒன்பது மாதிரி ஒரு சுழி விழும், மறு முனையில் ஒரு குட்டி வால். மற்றவர்கள் கோலியிலும் சுழி உண்டு. ஆனால் டாக்கெட் இடதுகைக்காரர். அவருடைய ஒன்பது மட்டும் முகம் பார்க்கிற கண்ணாடியில் பார்த்தது போலத் திரும்பியிருக்கும். அவருடைய பட்டறை எங்கே இருந்தது என்று சேகரிப்பவர்கள் யாருக்கும் தெரியாது. அதைக் கண்டுபிடிக்கிறவன் நானாக இருக்க வேண்டும் என்பது என் ஆசை. மற்ற எல்லா விஷயத்திலும் நான் ஆசையை விட்டுவிட்டவன்.

பனி உருகிய சமயம், பக்கத்து வீட்டு எம்மெட் வேலிக்கு அந்தப்பக்கம் நின்றபடி சொன்னான்.

"எங்கப்பா சொல்லுவார், உங்க வீட்டுப் பின்னாடிதான் யாரோ ஒரு கோலிக்காரன் உடைஞ்ச கண்ணாடியெல்லாம் கொட்டுவானாம்."

"யாரு? டாக்கெட்டா?"

"பேரெல்லாம் யாருக்குத் தெரியும். எங்கப்பா எங்க வீட்டு மாட்டையே பேர் மாத்தித்தான் கூப்பிடுவார்."

"எம்மெட், இதை வேற யார்கிட்டயும் சொல்லிடாதே."

"சேச்சே. ஜூனீடாகிட்ட மட்டும்தான் சொன்னேன்."

ஜூனீடா அவன் மனைவி. கட்டின மனைவி வேறு ஆள் ஆகமாட்டாள் என்று நானும் விட்டுவிட்டேன்.

அன்று மதியச் சாப்பாட்டுக்குச் சோள ரொட்டியும் பீன்ஸும். நான் ஆரம்பித்தேன்.

"வெல்மா, நம்ம தோட்டத்து முள்ளங்கி ரெண்டு துண்டு இருந்தா இந்த பீன்ஸுக்கு எப்படி இருக்கும்?"

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "முள்ளங்கியா?"

"ஆமா. மொறுமொறுன்னு."

"உடம்பு சுடுதா?"

"கடையில வாங்கறதுல சத்தே இல்ல வெல்மா. பின்பக்கம் அவ்வளவு இடம் சும்மாத்தானே கிடக்கு."

"உனக்குத்தான் முதுகு வலியாச்சே. குனிஞ்சு கட்ட முடியலன்னு கயிறு இல்லாத ஷூ வாங்கினியே."

"அது போன வருஷத்து முதுகு."

"வேணாம். முள்ளங்கிக்காக உன்னைத் தூக்கிக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு அலைய என்னால முடியாது."

ஒரு வாரம் கெஞ்சினேன். முள்ளங்கியைப் புகழ்ந்தேன். தக்காளியைத் துணைக்கு அழைத்தேன். கடைசியில் அவள் பெருமூச்சு விட்டாள்.

"சரி, இவ்வளவு கேக்கற. ஆனா முழங்கால் ஆழத்துக்குத் தோண்டணும். கல்லெல்லாம் பொறுக்கணும். எரு கலக்கணும்."

"கலக்கிடலாம்."

"அப்போ போ லோவெல், பின்பக்கத்தைத் தோண்டு."

குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தேன்.

தோண்ட ஆரம்பித்ததும் சிரிப்பு நின்றது. எங்கள் ஊர் மண்ணில் மண் குறைச்சல், கல் ஜாஸ்தி. ஒரு குதிரை லாடம் கிடைத்தது. வளைந்த கரண்டி ஒன்று. பச்சையாகக் கண்ணாடிச் சில்லு கொஞ்சம். அது வெறும் பாட்டில். பாத்தி பாதி முடிந்தபோது நான் முழுதாக முடிந்திருந்தேன்.

"வெல்மா, யோசிச்சுப் பார்த்தா முள்ளங்கி அப்படி ஒண்ணும் அவசியமில்ல."

"நான் அப்பவே சொன்னேன். போய்க் கொஞ்சம் படு. மண்வெட்டியைச் சாயங்காலம் உள்ள எடுத்து வெச்சுடலாம்."

படுத்தேன். தூங்கினேன். எழுந்து மண்வெட்டியை எடுக்கப் போனால், பள்ளத்தின் ஓரத்தில், மண்ணுக்குள்ளிருந்து ஒரு கண் என்னைப் பார்த்தது. பச்சைக் கண்ணாடி. உள்ளே பால் மாதிரி வெள்ளைச் சுருள். கால்சட்டையில் துடைத்துத் திருப்பினேன். திரும்பிய ஒன்பது. டாக்கெட்.

அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். எத்தனை பேர் எத்தனை ஊரில் தேடியது, என் வீட்டுப் பின்வாசலில். அழுகை வருகிற மாதிரி இருந்தது. வெல்மா ஜன்னல் வழியாகப் பார்த்தாள். "முதுகு பிடிச்சுக்கிச்சா?" என்றாள்.

"இல்ல. மண்ணு ரொம்ப நல்லா இருக்கு."

அப்புறம் என்னை யாரும் நிறுத்த முடியவில்லை. வேலி வரைக்கும் போனேன். நான் சோர்ந்து படுத்து எழுந்த ஒரு நாள் அங்கே ஒரு நீலக் கோலி. தண்ணீர் வடிய வாய்க்கால் வேண்டாமா என்று நானே கேட்டு, நானே வெட்டினேன். அதில் ஒரு பழுப்பு. எருக்குழி தோண்டட்டுமா என்றும் கேட்டேன். "உன் இஷ்டம்" என்றாள் அவள். அவளுக்குத் தெரியாமலேயே அவளிடம் வேலை வாங்குகிறேன் என்று எனக்குள் ஒரு பெருமை. வேலை செய்தது யார் என்று நான் யோசிக்கவில்லை.

மே மாதம் எங்கள் ஊர்த் தீயணைப்பு நிலையக் கூடத்தில் கோலிக் கண்காட்சி. கறுப்புத் துணி விரித்து, கோலிகளை வரிசையாக வைத்து, 'டாக்கெட் பட்டறை இருந்த இடம் கண்டுபிடிக்கப்பட்டது' என்று அட்டை எழுதிப் பின்னால் நிறுத்தினேன். கூட்டம் கூடியது. கண்காட்சியை நடத்துகிற டெல்ஃபீன் ரஸ்க் அம்மாள் வந்தார். கோலி விஷயத்தில் அவர் சொல்லுக்கு எங்களிடையே மறுபேச்சு கிடையாது. பூதக்கண்ணாடி வைத்து ஒவ்வொன்றாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"டாக்கெட்தான். சந்தேகமே இல்ல."

நான் கூட்டத்தைப் பார்த்துத் தலையசைத்தேன்.

"ஆனா இது மண்ணுல கிடந்த கோலி இல்லையே, லோவெல்."

"என் கையால தோண்டி எடுத்தேங்க."

"எடுத்திருப்பீங்க. ஆனா எழுபது வருஷம் மண்ணுல கிடந்தா கண்ணாடி மங்கிப் போயிடும், பூ விழுந்த கண்ணு மாதிரி. இது பளபளன்னு இருக்கு. ஏதோ டப்பாவுல பத்திரமா இருந்திருக்கு." குரலைத் தாழ்த்தினார். "அந்த அட்டையை மட்டும் எடுத்துடுங்க."

எடுத்தேன். மடித்துச் சட்டைக்குள் செருகிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

வெல்மா முள்ளங்கிக்குக் களை பிடுங்கிக்கொண்டிருந்தாள். பாத்தி பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது.

"வெல்மா, இந்தக் கோலியெல்லாம் மண்ணுக்குள்ள எப்போ போச்சு?"

"நீ தூங்கினப்போ," என்றாள், நிமிராமல்.

"எல்லாமேவா?"

"எல்லாமேதான். பழுப்பைக் கொஞ்சம் ஆழமா வெச்சுட்டேன். நீ எடுக்கற வரைக்கும் எனக்கு நிம்மதியே இல்ல."

"உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"ஜூனீடா அன்னிக்கே வந்து சொல்லிட்டா. சொல்லலேன்னாலும் தெரிஞ்சிருக்கும். கல்யாணம் ஆன நாள்லேர்ந்து முள்ளங்கியைத் தட்டு ஓரத்துல ஒதுக்கற ஆளு நீ."

"அப்புறம் ஏன் ஒரு வாரம் என்னைக் கெஞ்ச விட்ட?"

"கேக்க நல்லா இருந்துச்சு."

கோபப்பட்டுப் பார்த்தேன். வரவில்லை. ஏமாற்றப் போனவன் ஏமாந்ததைப் பற்றி யாரிடம் முறையிடுவது? அப்போதுதான் ஒன்று உறைத்தது. தோண்டினது பொய்யாக இருக்கலாம். கோலி பொய் இல்லை.

"இது உனக்கு எங்கே கிடைச்சுது வெல்மா?"

"எங்க ஓபல் அத்தையோட பட்டன் டப்பாவுல. அத்தை சின்னப் பொண்ணா இருந்தப்போ அவங்க வீட்டுக்குப் பின்னாடி ஒரு இடதுகைக்காரர் பட்டறை வெச்சிருந்தாராம். சரியா வராத கோலியைப் புள்ளைங்களுக்குப் போட்டுடுவாராம்."

டாக்கெட் இடதுகைக்காரர் என்று அவளிடம் நான் ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறேன். ஒரு தடவைகூட அவள் காதில் வாங்கவில்லை என்பதுதான் இதுவரை என் எண்ணம். வாங்கியிருப்பாளோ?

"அந்த இடத்துல இப்போ என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்ல. வெறும் கட்டாந்தரை. உருளைக்கிழங்கு போடணும்னு அத்தை ரொம்ப நாளா சொல்லிக்கிட்டிருக்காங்க. தோண்டத்தான் ஆள் இல்ல."

"இது நிஜமா வெல்மா? என் கண்ணைப் பார்த்துச் சொல்லு."

அவள் நிமிர்ந்து என் கண்ணைப் பார்த்தாள். "போய்த் தோண்டிப் பார்த்தாத்தானே தெரியும்."

யோசிக்க அவகாசம் வேண்டும் என்று சொன்னேன். வீட்டைச் சுற்றி ஒரு நடை நடந்தேன். நன்றாக யோசித்தேன். பிறகு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய் வண்டியின் பின்கதவைத் திறந்தேன்.

விதைக்கிழங்கு மூட்டை ஏற்கனவே உள்ளே இருந்தது.