அடுத்த லோடு வசந்தா சித்திக்கு

1. காலை பதினொரு மணிக்கு, நன்றாக ஓடிக்கொண்டிருந்த சர்வரை நானே நிறுத்தினேன்.
2. மாற்று சர்வர், நான் எழுதியிருந்தபடியே பத்து நிமிடத்தில் எழுந்தது.
3. யார்டில் இருந்த பெரிய திரையில் ‘அடுத்த லோடு: வசந்தா சித்தி’ என்று வந்தது.

எங்கள் சித்திக்கு லாரி கிடையாது. சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது.

அரியலூரில், சுண்ணாம்புக்கல் ஏற்றும் லாரிகளுக்கு முறை போடும் ஆபீஸ் அது. லாரிகள் யார்டில் கண்டபடி நிற்கும். யாருக்கு அடுத்து யார் என்பது நீள நோட்டில் இருக்கும். அந்த நோட்டை ஒழித்துவிட்டு எல்லாவற்றையும் கிளவுடுக்கு ஏற்றியவள் நான். ஏதாவது ஆனால் எப்படி மீள்வது என்று நாற்பது பக்கத்தில் திட்டமும் எழுதினேன். (கேட்டது நான்கு பக்கம்.) அன்று நடந்தது அதற்கான ஒத்திகை.

மாற்று சர்வரைச் சோதிக்க முன்பு நிறைய பெயர்கள் தேவைப்பட்டன. எங்களுக்குச் சொந்தக்காரர்கள் அதிகம். ‘சோதனைப் பெயர்களை நீக்குக’ என்பது என் பட்டியலில் பதினேழாவது வரி. அதற்கு டிக் போட்டிருந்தேன். டிக் போட்டது மட்டும்தான் நடந்திருந்தது.

பதறி, அசல் சர்வரை மறுபடி கிளப்பினேன். மாற்றில் இருப்பதுதான் புதுசு என்று நினைத்து, அது என் குடும்பத்தை அப்படியே வாங்கிக்கொண்டது. இப்போது இரண்டு இடத்திலும் சித்தி. முந்தைய இரவு எடுத்த நகலும் உதவவில்லை; அதில் இருந்த லாரிகள் லோடு ஏற்றிப் போய்விட்டன. நோட்டு எங்கே என்று மேனேஜர் கேட்டார். அதைத்தான் நான் ஒழித்திருந்தேனே.

கீழப்பழுவூர் செல்வராசு அண்ணன் ஜன்னலுக்கு வந்தார். விடியும் முன்பே வந்து பதிந்து, அப்போது வரிசையில் நாலாவதாக இருந்த டிரைவர்.

“ஏம்மா, யாரு இந்த வசந்தா? அவங்க வந்தத நாங்க பாக்கலையே.”

உண்மையைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை; அதுதான் கஷ்டமாக இருந்தது.

“நாளைக்குப் புள்ளைக்குக் காது குத்தும்மா. முறை போச்சுன்னா நாளைக்குத்தான் லோடு. நான் எப்படி வூடு போறது?”

கண் கலங்கிவிட்டது எனக்கு. அவர் என்னைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். “சரி வுடு. எனக்கு முன்னாடி மாணிக்கம். அவனுக்கு முன்னாடி யாருன்னு அவனுக்குத் தெரியும்” என்று சொல்லிவிட்டு எல்லாரையும் கூப்பிட்டார்.

டிரைவர்கள் யார்டில் ஒருவர் பின் ஒருவராக நின்றார்கள். நான் திட்டத்தின் பின்பக்கத்தில் பெயர்களை எழுதிக்கொண்டே நடந்தேன். ஒருவர் மட்டும் ஏழாவது இடத்தில் நுழையப் பார்த்தார். டீ குடித்துவிட்டு வந்து பதிந்தவன் நீ என்று நாலு பேர் சொன்னதும் சிரித்துக்கொண்டே பின்னால் போனார். அரை மணி நேரத்தில் முறை முழுவதும் திரும்பி வந்தது. செல்வராசு அண்ணன் நாலாவதாக லோடு ஏற்றிக்கொண்டு போனார்.

வீட்டில் விஷயம் தெரிந்ததிலிருந்து, எந்த விசேஷத்தில் பார்த்தாலும் சித்தி கேட்பது ஒன்றுதான்: “என் கல்லு எங்கடி?” சித்தப்பா, தன் பெயர் ஏன் பதினோராவதாக இருந்தது என்று இன்னும் விளக்கம் கேட்கிறார்.

இப்போது ஒத்திகை, யார்டில் லாரி இல்லாத நாளில்தான். போன ஒத்திகையில் மாற்று சர்வர் முந்தைய நாளின் முறையோடு சரியாக எழுந்தது. பட்டியலில் ஒரு லாரி மட்டும் குறைந்தது. ஏன் என்று தேடிக்கொண்டிருக்கிறேன். அது தெரியும்வரை நோட்டிலும் எழுதுகிறோம்.