காம்போடு கேட்ட பூ

போடிநாயக்கனூர்,
14.9.1982

மெட்ராஸில் உத்தியோகம் பார்க்கும் அன்பு மாப்பிள்ளை சுருளிவேல் அவர்களுக்கு, மாமனார் கோட்டைச்சாமி ஆசீர்வாதம் சொல்லி எழுதிக்கொண்டது.

இங்கு நானும் உங்கள் அத்தை ஒச்சம்மாளும் சுகம். மலையில் நல்ல மழை. ஏலக்காய் எடுப்பு மும்முரமாக நடக்கிறது. அங்கு நீங்களும், தனியாகச் சமைத்துச் சாப்பிடுகிற உங்கள் வயிறும் நலமாக இருக்க மாரியம்மனை வேண்டிக்கொள்கிறோம். என் மகள் முத்துப்பேச்சி சுகமா என்று கேட்டிருந்தீர்கள். உடம்பு சுகம். மற்றதைச் சொல்லத்தான் இவ்வளவு பெரிய காகிதம் எடுத்திருக்கிறேன்.

உங்கள் மேலதிகாரி வீட்டு விருந்தில் அந்த வீட்டு அம்மாள் என் மகள் கையில் ஒரு பூச்செண்டைக் கொடுத்ததும், இவள் ஒரு மூலையில் உட்கார்ந்து அதை அவிழ்த்து, காம்பைக் கிள்ளி எறிந்து, நூல் வாங்கிச் சரமாகத் தொடுத்து, வந்திருந்த பெண்கள் தலையில் எல்லாம் வைத்துவிட்டதும், அதற்காக நீங்கள் நாலு பேர் முன்னால் "பட்டிக்காடு" என்று சொன்னதும், மறுநாளே அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இங்கே வந்துவிட்டதும் நமக்குள் தெரிந்த கதை. இப்போது நீங்கள் மனம் வருந்தி, கல்யாண நாளன்று நான் உள்ளூர்ப் பூக்கடையில் சொல்லி அதே மாதிரி ஒரு பூச்செண்டு கட்டி, வாடாமல் அவள் கையில் சேர்க்க வேண்டும், காம்போடு கூடிய ரோஜாவாக இருக்க வேண்டும், நீங்கள் கொடுத்தது என்பது அவள் கையில் வாங்கும்வரை ஈ காக்கைக்கும் தெரியக் கூடாது என்று எழுதியிருந்தீர்கள். மாப்பிள்ளை கேட்டு மாமனார் செய்யவில்லை என்ற பேச்சு நம் வீட்டில் கிடையாது. அதோடு, அவள் உங்களோடு போய்ச் சேர்ந்து வாழ வேண்டும் என்பதைத் தவிர எனக்கு இந்த வயதில் வேறு ஆசையும் கிடையாது. அதனால் கடிதத்தை மடித்து வைத்த கையோடு வேட்டியையும் மடித்துக் கட்டினேன்.

நேராகப் போனது மார்க்கெட் பக்கம் இருக்கிற தவசியின் பூக்கடைக்கு. காம்போடு ரோஜாப் பூச்செண்டு வேண்டும் என்று மட்டும் சொன்னேன். தவசி கையிலிருந்த வாழைநாரைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தான். "அண்ணே, காம்போட பூ கேட்ட மொதோ ஆளு நீங்கதான். எங்க சோலியே காம்பைக் கிள்ளுறதுலதான் ஆரம்பிக்குது. கூடையில வாரதே கழுத்தோட கிள்ளித்தான் வருது. மாலைன்னு சொல்லுங்க, தோள்ல இருந்து முழங்கால் வரைக்கும் கட்டித் தாரேன்" என்றான். மாலை வேண்டாம், கையில் பிடிக்கிற மாதிரி வேண்டும் என்றேன். "கையில பிடிச்சுக்கிட்டு என்ன செய்ய?" என்றான். எனக்கும் அது தெரியவில்லை. ஆனாலும் கேட்டதைக் கேட்டபடி கொடுத்தே தீருவது என்று நான் முடிவு செய்துவிட்டதால், காம்பு வைத்த ரோஜாவை நான் கொண்டுவருகிறேன், நீ கட்ட வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

போடியில் செடியிலேயே ரோஜா வைத்திருப்பது சாந்தகுமாரி டீச்சர் வீட்டில்தான். அந்தச் செடிகள் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கென்றே வளர்பவை. வேறு எதற்கும் ஒரு இதழ்கூடத் தரமாட்டார் என்று ஊருக்கே தெரியும். நான் போய் வாசற்படியில் உட்கார்ந்தேன். முடியாது என்றார். உட்கார்ந்திருந்தேன். காப்பி கொடுத்தார், குடித்துவிட்டு மறுபடியும் உட்கார்ந்திருந்தேன். கடைசியில் குரலைத் தாழ்த்தி, "அண்ணே, யாருக்காச்சும் ஒடம்பு ரொம்ப முடியலையா?" என்று கேட்டார். வெளியே சொல்லக் கூடாது என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்களே, நான் வாயைத் திறக்கவில்லை, தலையை மட்டும் குனிந்துகொண்டேன். பாவம் அந்த அம்மாள், இல்லாத நோயாளிக்காகக் கண்ணை மூடி ஜெபம் செய்துவிட்டுத்தான் கத்தரிக்கோலை எடுத்தார். அந்த ஜெபம் வீண்போயிருக்காது, மாப்பிள்ளை. அது உங்கள் கணக்கில் சேர்ந்திருக்கும்.

கல்யாண நாள் விடிந்ததும் தவசி கட்டி முடித்தான். ரோஜாவை மட்டும் கட்டச் சொன்னால் சுற்றிலும் மரிக்கொழுந்தைச் சொருகி, அடியில் ஜிகினாத் தாளையும் சுற்றியிருந்தான். எதற்கடா இது என்றால், "ஜிகினா இல்லாம ஒரு பூவும் எங் கடைப்படி எறங்குனது இல்லண்ணே, எம் பேரு கெட்டுப் போகும்" என்கிறான். சரி என்று விட்டேன். அடுத்தது உங்கள் அத்தை, அவளிடம் மட்டும் என்னால் மறைக்க முடியவில்லை. "பொம்பளப் பிள்ளைக்குப் புருசன் வீட்டுப் பூவை வெறுங்கையிலயா கொண்டுபோவாக? நல்லாருக்கே!" என்று பித்தளைத் தாம்பாளத்தைத் தேய்த்துக் கொண்டுவந்து, தேங்காய், வாழைப்பழம், வெற்றிலை பாக்கு, குங்குமம் எல்லாம் அடுக்கி, நடுவில் பூச்செண்டை நிறுத்திவிட்டாள். நான் எவ்வளவோ சொன்னேன். எடுத்த எடுப்பிலேயே சொன்னேன். அவள் கேட்டால்தானே!

பூ வாடாமல் வழியெல்லாம் தண்ணீர் தெளிக்க ஒரு ஆள் வேண்டும் என்று தவசி தன் கடையில் மாலை கட்டும் கன்னையனை என்னோடு அனுப்பினான். கன்னையனுக்கு நாற்பது தாண்டியும் இன்னும் கல்யாணம் கூடி வரவில்லை. தாம்பாளத்தோடு பூ போகிற இடத்துக்கு அழுக்குச் சட்டையோடு போகக் கூடாது என்பது அவர்கள் கடைப் பழக்கமாம். குளித்து, விபூதி பூசி, தேர்த் திருவிழாவுக்கு எடுத்த சில்க் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து நின்றான். இங்கேதான் நான் விழித்திருக்க வேண்டும். பூ வாடுமே என்கிற கவலையில் கோட்டை விட்டுவிட்டேன்.

முத்துப்பேச்சி வீட்டில் இருந்தால் காரியம் சுலபம். அவளோ வந்த வாரமே, வீட்டில் சும்மா உட்கார்ந்தால் உங்கள் நினைப்பு வருகிறது என்று சொல்லி, குரங்கணிக்கு மேலே இருக்கிற நம் தோட்டத்துக்குக் காய் எடுக்கிற பெண்களோடு போய்த் தங்கிவிட்டாள். ஆகவே குரங்கணி வரை சின்னமுத்துவின் ஜீப்பு, அதற்கு மேல் நடை. ஜீப்பில் எனக்கு முன்சீட்டு. மடியில் தாம்பாளம். பக்கத்தில் சில்க் சட்டையோடு கன்னையன். பின்னால் லோடு சாக்குகளுக்கு மேல் தோட்டத்துக்குப் போகிற சனம்.

சின்னமுத்து தாம்பாளத்தைப் பார்த்தான். "மாமா, பூ யாருக்கு?" என்றான். "எம் மகளுக்கு" என்றேன். "யாரு குடுத்துவிட்டது?" என்றான். "அதை மட்டும் கேக்காதே, சொல்ல மாட்டேன்" என்றேன். அவன் கன்னையனைப் பார்த்தான். கன்னையன் வெட்கப்பட்டுத் தலையைத் தடவிக்கொண்டான். அவ்வளவுதான், மாப்பிள்ளை! நம் பக்கத்தில் தாம்பாளத்தில் பூ போகிறது என்றால் பெண்ணுக்குப் பூ வைத்து நிச்சயம் செய்யப் போகிறார்கள் என்றுதானே அர்த்தம்? புருஷனோடு ஒத்துவரவில்லை என்றால் பஞ்சாயத்தில் தீர்த்துவிட்டு வேறு இடத்தில் பூ வைப்பதும் நம் ஊரில் புதிதில்லையே! பின்னால் சாக்கு மேல் இருந்த ஒரு கிழவி மூக்கைச் சிந்தி, "நல்லதுய்யா, பட்டணத்துக்காரன் போனாப் போறான், இந்தப் பய ஏழைன்னாலும் பூக்காரன், தெனம் தலைக்குப் பூவாச்சும் வரும்" என்றாள். இல்லை, இது என் மாப்பிள்ளை அனுப்பியது என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்திருக்கும். ஆனால் உங்களுக்குக் கொடுத்த வாக்கு என்ன ஆவது? பல்லைக் கடித்துக்கொண்டு பூவையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

குரங்கணியில் இறங்கியதும் மழை பிடித்துக்கொண்டது. குடையைப் பூவுக்குப் பிடித்துக்கொண்டு நான் நனைந்தபடி வண்டிப்பாதையில் ஏறினேன். அட்டைகள் காலில் ஏறியதைக்கூட உதறாமல் போனேன். ஜீப்பில் வந்த சனமோ குறுக்குப் பாதையில் எங்களுக்கு முன்னால் போய்விட்டது. நான் மூச்சு வாங்கிக்கொண்டு தோட்டத்துக்குள் நுழைந்தபோது காய் எடுப்பு நின்றுபோயிருந்தது. பெண்கள் எல்லாம் ஏலச்செடிகளுக்கு நடுவில் எழுந்து நின்றார்கள். முன்னால் முத்துப்பேச்சி, இடுப்பில் காய்க்கூடையோடு.

"அப்பா, அங்கனயே நில்லுங்க" என்றாள்.

"ஆத்தா, பூவு..."

"எந்தப் பூவும் எனக்கு வேணாம். எம் புருசனைத் தீத்துவிட்டேன்னு ஒங்க கிட்ட நான் சொன்னேனா? கோவிச்சுக்கிட்டு வந்தேன், அம்புட்டுத்தான். கோவிச்சுக்கிறதுக்கும் ஒரு புருசன் வேணும்ல? அவுக இருக்குறதுனாலதான கோவமே வருது! நீங்க பாட்டுக்கு இந்தக் கன்னையண்ணனைக் கூட்டிக்கிட்டுத் தாம்பாளத்தோட வந்து நிக்கிறீக!"

கன்னையன் அப்போதுதான் விஷயம் முழுவதும் புரிந்து, தண்ணீர்ச் செம்போடு ஒரு ஏலச்செடிக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிட்டான். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. "அடி ஆத்தா, இது ஒம் புருசன் அனுப்புன பூவுத்தா! இன்னைக்கு ஒங்க கல்யாண நாளு!" என்றேன்.

அவள் கூடையை இறக்கி வைத்தாள். "மெட்ராசுல இருந்தா?" என்று கேட்டாள்.

"இல்லத்தா, நம்ம தவசி கடையில இருந்து."

கைகளை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து பூச்செண்டை எடுத்தாள். ரோஜா ஒன்றுகூட வாடவில்லை என்பதை இங்கே எழுத்தால் உறுதி செய்கிறேன். அவள் கண்ணில் நீர் நின்றதை நான் பார்த்தேன். அதை உங்களுக்கு எழுத வேண்டாம் என்று நினைத்தேன், எழுதிவிட்டேன். பிறகு என்ன செய்தாள் என்கிறீர்கள்? அதே இடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஜிகினாவைப் பிரித்து, நாரை அவிழ்த்து, ரோஜாக்களைக் கழுத்தோடு கிள்ளி, காய் எடுக்கிற பெண்கள் அத்தனை பேர் தலையிலும் ஒவ்வொன்றாக வைத்துவிட்டாள். ஜீப்பில் பேசிய கிழவிக்கும் ஒன்று. கடைசிப் பூவைத் தன் தலையில் வைத்துக்கொண்டாள். கிள்ளிய காம்புகளை மட்டும் கீழே போடாமல் மடியில் முடிந்துகொண்டாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

"அவுகளுக்கு எழுதுங்கப்பா. அனுப்புன பூவை மறுபடியும் அவுத்துட்டேன்னு எழுதுங்க. இதுக்கும் வையிறதுன்னா நேர்ல வந்து வையச் சொல்லுங்க" என்றாள்.

மாப்பிள்ளை, மாமனார் சொல்கிறேன் என்று வருத்தப்படக் கூடாது. மழையில் நனைந்து அந்தப் பெண்கள் தலையில் ஆளுக்கொரு ரோஜாவோடு மறுபடியும் குனிந்து காய் எடுத்ததைப் பார்த்தபோது, என் மகள் மெட்ராஸில் செய்ததில் என்ன தப்பு என்று எனக்கு விளங்கவே இல்லை. கையில் பிடித்துக்கொண்டு நிற்கிற பூவால் யாருக்கு என்ன லாபம்? ஒருத்தி கையில் இருந்ததை அத்தனை தலைக்கும் பங்கு வைத்தவளை நீங்கள் பட்டிக்காடு என்று சொல்லியிருக்கிறீர்கள். அவள் எத்தனை பேர் முன்னால் அந்த வார்த்தையைக் கேட்டாளோ, அத்தனை பேர் முன்னால் நீங்கள் அதைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். ஆகையால் என் முடிவு இதுதான். நீங்கள் லீவு போட்டு நேரில் வர வேண்டும். குரங்கணிக்கு மேலே நடந்து, அட்டைக்கடி பட்டு, அந்தப் பெண்கள் முன்னால் நின்று அவளைக் கூப்பிட வேண்டும். அதுவரை என் மகளை அனுப்ப மாட்டேன். அவளே அழுது கேட்டாலும் அனுப்ப மாட்டேன். கோட்டைச்சாமி ஒரு தடவை முடிவு செய்தால் செய்ததுதான் என்பது போடி முழுவதும் தெரியும்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளவும். எண்ணெய் தேய்த்துக் குளிக்கவும். ஹோட்டலில் சாப்பிட வேண்டாம் என்று உங்கள் அத்தை சொல்லச் சொன்னாள். நீங்களும் உங்கள் குடும்பமும் குறைவில்லாமல் இருக்க மாரியம்மன் துணையிருப்பாள்.

இப்படிக்கு,
முடிவை மாற்றாத உங்கள் மாமனார்,
கோட்டைச்சாமி

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும் நேரத்தில் இதை எழுதுகிறேன். அரிசி வாங்கிப் போக முத்துப்பேச்சி இன்று காலை மலையிலிருந்து இறங்கி வந்தாள். அதே சமயம் சிலமலையிலிருந்து ஒரு குடும்பம் தங்கள் பையனுக்கு அவளைக் கேட்டு, தாம்பாளத்தோடு வாசலில் வந்து நின்றது. ஜீப்பில் கிளம்பிய பேச்சு அதுவரைக்கும் போயிருக்கிறது. அவள் அவர்களுக்குக் காப்பி கொடுத்துவிட்டு உள்ளே வந்து, "ஊருக்காரங்க என்னையத் தீத்துவிடுறதுக்குள்ள நான் போயி எம் புருசனைப் பிடிச்சுக்கிறேன்" என்று பெட்டியை எடுத்தாள். நான் தடுக்கவில்லை. நான்தான் பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்தேன், வரும்போது கொஞ்சம் அழவும் செய்தேன். தபாலுக்கு முன்னால் அவள் வந்து சேர்ந்திருப்பாள், இந்தக் கடிதத்தை அவளே வாசலில் வாங்கி உங்களிடம் தருவாள். ஆகவே மேலே எழுதிய என் முடிவை எழுதாததாக நினைத்துக்கொள்ளவும், நீங்கள் வர வேண்டியதில்லை. கன்னையன் பூ கொண்டுபோன அந்த நாளிலிருந்து தினமும் குரங்கணி ஜீப்பில் ஏறுவதாகக் கேள்வி, அதை நான் விசாரிக்கவில்லை. முத்துப்பேச்சி மடியில் ஒரு பால்பவுடர் டப்பாவை வைத்துக்கொண்டுதான் பஸ்ஸில் உட்கார்ந்தாள். அதில் தோட்டத்து மண்ணைப் போட்டு, கிள்ளிய அந்த ரோஜாக் காம்புகளை நட்டிருக்கிறாள். பூவை ஊருக்குக் கொடுத்துவிட்டேன், காம்பு மட்டும் எங்கள் இரண்டு பேருக்கும் என்றாள். அது துளிர்க்கிறவரை தினமும் தண்ணீர் ஊற்ற வேண்டியது நீங்கள்தானாம்.