போறன் அண்ணை

நாளுக்கொருதரம் விடைபெற்றும் ஒரு நாளும் போகாத மனிதர் இந்தத் தீவுகளிலேயே ஒருவர்தான். அவரின் சொந்தப் பெயர் எங்களுக்கு மறந்தே போயிற்று. போறன் அண்ணை என்றால் ஊர்காவற்றுறைச் சந்தை நாய்க்கும் தெரியும்.

நாங்கள் இருப்பது வீடில்லாமல் அலைந்தவர்களுக்காகக் கட்டிய விடுதி. ஆறு அறை, எல்லோருக்கும் சமைக்க ஒரு குசினி. நான் வந்தபோது அவரவர் அறை, அவரவர் கதவு. ஆளையாள் முகம் பார்ப்பதில்லை. இறங்குதுறைக் கொட்டகையில் வருடக்கணக்காகப் படுத்தெழும்பிய அண்ணை கடைசியாக வந்து சேர்ந்தார். கட்டிலை அமத்திப் பார்த்தார், அலுமாரியைத் திறந்து மூடினார்.

"நல்லாத்தான் இருக்கு. நாளைக்கு நான் போறன்."

பக்கத்து அறை ரீற்றா அக்கா பதறிவிட்டார். "ஐயோ அண்ணை, வெளிக்கிடேக்கை ஆரும் போறன் எண்டு சொல்லுவினமே? போட்டு வாறன் எண்டு சொல்லுங்கோ!"

"திரும்பி வர வீடிருக்கிறவை சொல்லட்டும் பிள்ளை. இதென்ன, என்ரை வீடே?"

மறுநாள் தேத்தண்ணியைக் குடித்து, பையைத் தோளில் கொழுவிக்கொண்டு எல்லோரிடமும் "போறன்" சொன்னார். கோழியைக்கூட விடவில்லை. ரீற்றா அக்காவுக்கு மனம் கேட்கவில்லை.

"போறதெண்டால் போங்கோ. கூழுக்கு நண்டு உடைக்கத்தான் ஆளில்லை."

பை இறங்கியது.

பிறகென்ன, அவரை மறிப்பதே எங்கள் தொழிலாயிற்று. அதுவரை ஒரு சொல் பேசாதவர்கள், நாளைக்கு அவர் இருந்து திருத்த எதை உடைக்கலாம் என்று பின்னேரங்களில் குசினியில் கூடிக் கதைத்தோம். கோழிக்கூட்டுக் கதவைக் கழற்றினோம், வாளிக் கயிற்றை அறுத்தோம். நான் குந்தியிருக்கும் கதிரைக் காலை நானே முறித்தேன்.

"தம்பி, இந்தக் கதிரைக்கு நாலு கால்தானே? எப்பிடி அஞ்சாந்தரம் உடையுது?"

"பழங்கதிரை அண்ணை."

"ஓம், ஓம்" என்று சிரித்துக்கொண்டே ஆணி தேடினார்.

போன மாதம் நெடுந்தீவிலிருந்து அண்ணையின் தங்கச்சி மகளின் கலியாணத்துக்கு அழைப்பு வந்தது. "மாமா இனி எங்களோடையே இருக்கட்டும்" என்றும் சொல்லி அனுப்பியிருந்தார்கள். இதற்கு எந்தக் கதிரையை உடைக்கிறது? வெள்ளிக்கிழமை அண்ணை வெள்ளை வேட்டியோடு வெளிக்கிட்டார். நாங்கள் வாசல் படலையடியில் கூடினோம்.

அண்ணை அறையைப் பூட்டி, திறப்பை ரீற்றா அக்காவின் கையில் வைத்தார். பை உள்ளேதான் கிடந்தது.

"ஞாயிற்றுக்கிழமைக் கூழிலை எனக்கும் ஒரு பங்கு வையுங்கோ. போட்டு வாறன்."

அக்கா திறப்பை இறுகப் பிடித்துக்கொண்டு அழுதார்.

ஞாயிற்றுக்கிழமை படகு பிந்திவிட்டது. அண்ணை வந்து சேரும்வரை ஒருவரும் கூழில் வாய் வைக்கவில்லை. ஆறிப்போன கூழ் அவ்வளவு ருசியாக இருக்கும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.