பவுண்டரியில் உருகிய இங்கிலீஷ்

பெரியநாயக்கன்பாளையம்,
13.9.1995, புதன்.

திருப்பூர் பனியன் கம்பெனி முதலாளி, மதிப்புக்குரிய மச்சான் நாச்சிமுத்து அவர்கள் சமூகத்துக்கு, பவுண்டரி குமாரசாமி கும்பிட்டு எழுதிக்கொள்வது. இவ்விடம் நானும் உங்கள் தங்கை ராசம்மாளும் கறவை எருமையும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். அவ்விடம் நீங்களும் அக்காவும் மாப்பிள்ளை கிருபாசங்கரும், ஓடுகிற மிஷின்களும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க அங்காளம்மன் துணை. மரியாதைக்கு எழுதவேண்டியதை எழுதியாயிற்று. இனி வருவதைத் தயவுசெய்து உட்கார்ந்து படிக்கவும். கையில் காபி டம்ளர் இருந்தால் கீழே வைத்துவிடவும்.

எல்லாவற்றுக்கும் ஆரம்பம் நீங்கள்தான் என்று சொன்னால் கோபித்துக்கொள்ளக் கூடாது. மாரியம்மன் நோம்பிக்கு எங்கள் ஊட்டுக்கு வந்து, கறிச்சோறு சாப்பிட்டு, வெற்றிலை மடித்துக்கொண்டே, உங்கள் மகள் பிரவீனாவை என் பையனுக்குத்தான் கட்டவேண்டும், முறை எங்களுக்குத்தான், ஆனால் இப்போது வெள்ளைக்காரப் பார்ட்டியெல்லாம் நேராகத் திருப்பூருக்கே வந்து இறங்குகிறான், வருகிறவனிடம் மருமகள் இங்கிலீஷில் நாலு வார்த்தை பேசவேண்டாமா, அதனால் இங்கிலீஷ் லிட்ரேச்சரில் சேர்த்துவிடுங்கள் என்று சொன்னது நீங்கள். நான் பி.காம். படிக்க வைத்து நம்ம இரும்புப் பவுண்டரிக் கணக்கைப் பார்க்க வைக்கலாம் என்று இருந்தேன். மச்சான் வாயில் வந்த பேச்சு, பெண் கொடுக்கப்போகிற இடம், மறுத்துச் சொன்னால் நன்றாக இருக்காது என்று லிட்ரேச்சரிலேயே சேர்த்துப்போட்டேன். லிட்ரேச்சர் என்றால் என்னவென்று எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது என்பது இப்போதுதான் தெரிகிறது. ஊரில் அதை வக்கீல் படிப்பு என்று நினைத்துக்கொண்டு, வரப்புத் தகராறுக்காரர்கள் பத்திரத்தைத் தூக்கிக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்தார்கள். அவர்களுக்கெல்லாம் ராசம்மாள் மோர் கொடுத்து அனுப்பினாள்.

நீங்கள் கேட்டது நாலு வார்த்தை. அங்கே கற்றுக்கொடுப்பது அந்த நாலு வார்த்தை இல்லைங்க. வெள்ளைக்காரனே தன் வீட்டில் பேசமாட்டான், அப்பேர்ப்பட்ட வார்த்தைகள். அவளுடைய காலேஜ் மேடம் தினமும் கடினமான வார்த்தைகளாகப் பொறுக்கி போர்டில் எழுதிப்போட்டு, அர்த்தம் தெரிந்தால் மட்டும் போதாது, ஒவ்வொன்றையும் உயிருள்ள ஒரு மனுஷர் மேல் பிரயோகம் செய்துவிட்டு வந்து வகுப்பில் சொல்லவேண்டும் என்று சட்டம் வைத்திருக்கிறார். காலேஜ் விட்டு, மேட்டுப்பாளையம் ரோட்டில் பஸ் பிடித்து வந்து இறங்கினால், அவள் கைக்கு எட்டுகிற உயிருள்ள மனுஷர்கள் நாங்கள்தானே. முதலில் மாட்டினது உங்கள் தங்கை. அவள் வைத்த ரசத்தை ‘இன்சிபிட்’ என்றாள் பிரவீனா. மகள் இங்கிலீஷில் பாராட்டுகிறாள் என்று பூரித்துப்போய் இன்னொரு கரண்டி ஊற்றினாள் இவள். சப்பென்று இருக்கிறது என்று அர்த்தமாம். அடுத்தது பக்கத்து வீட்டு வெங்கடம்மாள். நம் வாசப்படியில் உட்கார்ந்தால் விளக்கு வைக்கிற வரைக்கும் எழுந்திருக்காத மகராசி. அந்தம்மாளைப் பார்த்து ‘லாக்வேஷியஸ்’ என்று சொல்லியிருக்கிறாள். காலேஜில் படிக்கிற பிள்ளை பட்டம் கொடுத்திருக்கிறது என்று அந்தம்மாள் தெருவெல்லாம் சொல்லிச் சந்தோஷப்பட்டது. அதோடு விட்டிருக்கலாம். அதுக்கு என்ன அம்மணி அர்த்தம் என்று ஆசையாகக் கேட்கப்போய், நம்ம பிள்ளை பொய் சொல்லாத பிள்ளையாச்சே, ஓயாமல் வாயடிக்கிறவங்க என்று அர்த்தத்தையும் மரியாதையோடு எடுத்துச் சொல்லிப்போட்டது. அதிலிருந்து அந்தம்மாள் எங்கள் வாசல் மிதிப்பதில்லை. ஊர் நடப்பு ஒன்றும் தெரியாமல் ராசம்மாளுக்குச் சோறு இறங்கமாட்டேன் என்கிறது.

எனக்குக் கிடைத்தது ‘அப்ஸ்டினேட்’. பிடித்த பிடியை விடாத ஆளாம். சாப்பிட உட்காரும்போது, “நீங்க ரொம்ப அப்ஸ்டினேட்டுங்கப்பா” என்றாள். திட்டினாலும் ‘ங்க’ போட்டுத்தான் திட்டுகிறாள், வளர்த்த வளர்ப்பு வீண்போகவில்லை என்று எனக்கு அதிலும் ஒரு திருப்திதான். பெற்றவன் கதை அப்படி.

மாப்பிள்ளை கிருபாசங்கர் போன மாதம் புதுப் பைக்கில் எங்கள் வீட்டுக்கு வந்துபோனதை உங்களிடம் சொன்னாரா என்று தெரியவில்லை. சொல்லியிருக்கமாட்டார். பிரவீனாவுக்கு இங்கிலீஷ் எந்த அளவுக்கு வந்திருக்கிறது என்று பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தாராம். கூலிங் கிளாஸைக் கழற்றாமலே சோபாவில் உட்கார்ந்து, ஷிப்மென்ட், சாம்பிள், ஆர்டர் கன்ஃபர்ம் என்று இங்கிலீஷில் ஆரம்பித்தார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. இவளும் பதிலுக்கு இங்கிலீஷில் ஏதோ கேட்டாள். நீளமான கேள்வி. நடுவில் மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டாள். மாப்பிள்ளை கொஞ்ச நேரம் சீலிங் ஃபேனைப் பார்த்துவிட்டு, டெலிவரி அடுத்த வாரம் என்றார். அப்புறம் தண்ணீர் கேட்டார். குடித்துவிட்டு, திருப்பூரில் கரன்ட் போயிருக்கும், மிஷினைப் பார்க்கவேண்டும் என்று கிளம்பிவிட்டார். பலகாரம் தட்டில் வைத்தது வைத்தபடி இருந்தது. என்ன கண்ணு கேட்டாய் என்று இவளிடம் விசாரித்தேன். கல்யாணம் ஆன பிறகும் தன்னைப் படிக்க விடுவாரா என்று கேட்டாளாம். அதைத் தமிழிலேயே கேட்டிருக்கலாமே என்றால், மேடம் கொடுத்த வார்த்தை பாக்கி இருந்தது என்கிறாள்.

இதையெல்லாம் கூட நான் பொறுத்துக்கொண்டேன் மச்சான். பவுண்டரியில் நடந்ததைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. அங்கே ஒரு வழக்கம் உண்டு, உங்களுக்குத் தெரியாதென்றால் சொல்கிறேன். வார்த்து எடுத்த பம்ப் பாடியை நான் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்பேன். ஓட்டை, விரிசல், மண் ஏறினது என்று இருந்தால் சாக்பீஸால் அதன்மேல் ஒரு கிறுக்குக் கிறுக்கிவிடுவேன். சாக்பீஸ் பட்டது எல்லாம் கழிவு. என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் படிக்கவேண்டியதில்லை. சம்மட்டியால் உடைத்து, மறுபடி உலையில் போட்டு உருக்கிவிடவேண்டும். என் அப்பா காலத்திலிருந்து இதுதான் நடைமுறை. போன வாரம் பொள்ளாச்சியில் நம்ம சொந்தத்தில் ஓர் ஒறம்பரை வீட்டுச் சீருக்கு நானும் ராசம்மாளும் போய்விட்டோம். தருமபுரிப் பார்ட்டிக்கு அனுப்பவேண்டிய பம்ப் பாடி மொத்தமும் வீட்டுக்குப் பின்னால் பவுண்டரிக் களத்தில் வரிசையாக அடுக்கி இருந்தது. ஒரு சொட்டை சொள்ளை இல்லாத சரக்கு. தீபாவளிக்கு முன்னால் கொடுத்தாகவேண்டும் என்று அந்தப் பார்ட்டி தினம் போன் போட்டுக்கொண்டிருந்தார். பிரவீனாவுக்கு மறுநாள் வகுப்பில் டெஸ்ட். நடந்துகொண்டே படித்தால்தான் மனசில் நிற்கும் என்று சாக்பீஸை எடுத்துக்கொண்டு களத்துக்குப் போய், ஒரு பம்ப் பாடிக்கு ஒரு வார்த்தை என்று கடைசி வரைக்கும் அழகாக எழுதி, முன்னாலும் பின்னாலும் நடந்து மனப்பாடம் செய்துவிட்டு, அழிக்காமல் காலேஜுக்குப் போய்விட்டாள்.

நான் ரெண்டு நாள் கழித்துத் திரும்பி வந்து பார்க்கிறேன், களம் துடைத்துவிட்ட மாதிரி இருக்கிறது. நான் இல்லாமலே லோடு ஏற்றி அனுப்பிவிட்டார்கள், நம்ம ஆட்களுக்கும் பொறுப்பு வந்துவிட்டது என்று மனசு குளிர்ந்து, ராமுலு மேஸ்திரியைக் கூப்பிட்டு முதுகில் தட்டிக்கொடுத்தேன். அவர் கூச்சப்பட்டுக்கொண்டே, எல்லாத்தையும் உடைத்து உலையில் போட்டாகிவிட்டது என்றார். என்னய்யா ஓட்டையைக் கண்டீர் அதில் என்று கத்தினேன். அவர் நிதானமாகச் சொன்னார். “ஓட்டை ஒன்னும் தெரியலீங்க. எப்பவும் நீங்க சும்மா ஒரு கிறுக்கு கிறுக்குவீங்க. இந்தத் தடவை இங்கிலீஷ்லயே எழுதியிருந்துச்சுங்களா, சரி, ஏதோ பெரிய கோளாறா இருக்குமாட்ட இருக்குதுன்னு, இருந்த வேலையெல்லாம் உட்டுப்போட்டு இதைத்தான் மொதல்ல உடைச்சோமுங்க.” இங்கிலீஷ் என்றதுமே யார் கைவேலை என்று எனக்குத் தெரிந்துபோயிற்று. இந்த மனுஷனை நான் என்ன சொல்லித் திட்டுவது, நீங்களே சொல்லுங்கள். நான் ஏற்படுத்தி வைத்த ஒழுங்குப்படிதானே நடந்திருக்கிறார்.

சரக்கு எங்கே என்று கேட்டு, தருமபுரிப் பார்ட்டி அன்றைக்கே ஜீப் எடுத்துக்கொண்டு நேரிலேயே வந்துவிட்டார். அவரை உட்கார வைத்து, இளநீர் வெட்டிக் கொடுத்து, நடந்ததை நடந்தபடி சொன்னேன். உலை வெடித்துவிட்டது என்று பொய் சொல்லியிருந்தால் நம்பியிருப்பார். மகள் டெஸ்டுக்குப் படித்ததால் பம்ப் உருகிவிட்டது என்பதை எந்தப் பார்ட்டி நம்புவான்? வேறு யாருக்கோ சரக்கைத் தள்ளிவிட்டதாக நினைத்துக்கொண்டு, இளநீரைப் பாதியில் வைத்துவிட்டுப் போய்விட்டார். சாயங்காலம் இவள் வந்தாள். வளர்ந்த பெண் என்றும் பார்க்காமல் வாசலிலேயே நிறுத்தி வைத்துத் திட்டினேன். தலையைக் குனிந்துகொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். எல்லாம் கேட்டு முடித்த பிறகு, டெஸ்டில் தான்தான் முதலாவதாக வந்திருப்பதை மெதுவாகச் சொன்னாள். எனக்கு வந்த கோபத்துக்கு அன்றைக்கு ராச்சோறு சாப்பிடவில்லை. ரசம் நன்றாக இருந்ததாக ராசம்மாள் பிறகு சொன்னாள்.

ஆகையால் மச்சான், நான் ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். படித்தது போதும். நாளைக்குக் காலையில் காலேஜுக்குப் போய் டி.சி. வாங்கிவிடுகிறேன். பட்டம் முடிக்கவில்லையே என்று நீங்கள் குறை சொல்லக் கூடாது. உங்கள் கம்பெனிக்கு வருகிற வெள்ளைக்காரனுக்கு இவள் இப்போது படித்திருக்கிறதே அதிகம், அவனே அகராதி வாங்கவேண்டி வரும். வருகிற ஞாயிற்றுக்கிழமை நீங்களும் அக்காவும் அவசியம் வந்து, வெற்றிலை பாக்கு மாற்றி, ஐப்பசியிலேயே ஒரு முகூர்த்தத்தைப் பார்த்துவிட்டால் என் பாரம் இறங்கும். பெண் உங்கள் பெண். இனி அவள் திருப்பூரில் எதன்மேல் வேண்டுமானாலும் எழுதட்டும், பனியனை உருக்க முடியாது.

வீட்டில் பெரியவர்கள் எல்லோருக்கும் எங்கள் கும்பிடு. மாப்பிள்ளைக்கு எங்கள் ஆசிகள், பைக்கில் மெதுவாகப் போகச் சொல்லவும். நம் குலம் குடி தழைத்து, நூலும் இரும்பும் விலை இறங்கி, இரண்டு வீடும் ஒரு வீடாக ஆக அம்மன் அருள் செய்யட்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மறவாத,
சி. குமாரசாமி.

பின்குறிப்பு, வியாழக்கிழமை: கவரை ஒட்டாமல் வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று. காலையில் காலேஜுக்குப் போனேன். டி.சி. சும்மா கொடுக்கமாட்டார்களாம். ஏன் நிறுத்துகிறேன் என்று காரணம் காட்டி, பெற்றவர் இங்கிலீஷில் விண்ணப்பம் எழுதித் தரவேண்டும் என்று குமாஸ்தா சொல்லிவிட்டார். எனக்கு இங்கிலீஷில் கையெழுத்துப் போடத் தெரியும், அவ்வளவுதான். நம்ம வீதியில், நம்ம ஊரில், யோசித்துப் பார்த்தால் நம்ம சொந்தத்திலேயே, அப்படி ஒரு விண்ணப்பம் எழுதத் தெரிந்த ஆள் ஒருத்திதான் இருக்கிறாள். வீட்டுக்கு வந்து அவளையே கூப்பிட்டேன். ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை மச்சான். பேப்பரும் பேனாவும் எடுத்துக்கொண்டு வந்து என் எதிரில் உட்கார்ந்து, ஐயா அவர்களுக்கு என்பது வரைக்கும் எழுதிவிட்டு, “காரணம் என்னன்னு எழுதட்டுங்கப்பா?” என்று கேட்டாள். பம்ப் உருகினதை எழுது என்றேன். “அது நான் பண்ணின தப்புங்க. மேடம் மேல போட முடியாதுங்க” என்றாள். அப்படியானால் கல்யாணம் என்று எழுது என்றேன். “அது மாமா ஊட்டுக் காரணமுங்க. நான் எம்.ஏ. படிக்கணும்னு நெனச்சுட்டு இருக்கறனுங்க. உங்க காரணம் என்னன்னு சொல்லுங்கப்பா, அப்படியே எழுதிப்போடறேன்” என்றாள். அழவில்லை. குரலும் உயரவில்லை. நான் சொன்னால் அப்படியே எழுதியிருப்பாள், பிழையில்லாமல் எழுதியிருப்பாள், அதுதான் என்னை என்னவோ பண்ணிவிட்டது. நானும் யோசித்து யோசித்துப் பார்க்கிறேன், ஒரு காரணமும் வரமாட்டேன் என்கிறது. எம்.ஏ. எத்தனை வருஷம் கண்ணு என்று மட்டும் கேட்டேன். சரி படி என்று சொல்லிப்போட்டேன், பிடித்த பிடியை விடுகிற ஆள் நான் இல்லை என்று உங்களுக்கே தெரியும். அவளை அப்படியே கட்டிக்கொண்டு உங்கள் தங்கை அழுதாள், எனக்கும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, மறைப்பானேன்.

ஞாயிற்றுக்கிழமை வரவேண்டாம் என்று மச்சானுக்கு எழுத எனக்குக் கை வரவில்லை. அப்படி எழுதுகிற வழக்கம் நம்ம பக்கத்தில் இல்லை. அதனால் அவசியம் வாங்க. அக்காவையும் கூட்டிக்கொண்டு வாங்க. நாட்டுக்கோழி அடித்துக் குழம்பு வைக்கிறோம், வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, பொழுது இறங்கினதும் போங்க. வெற்றிலை பாக்கு மட்டும் கொண்டு வராதீங்க.