எனக்கு விழுந்த ஒற்றை ஓட்டு

தச்சநல்லூர்,
ஞாயிறு காலை.

மதிப்பிற்குரிய பாலசுப்பிரமணியன் அத்தானுக்கு, தங்கள் தங்கை கோமுவின் கணவன் ஐயம்பெருமாள் வணங்கி எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். நான் மட்டும் சுமார்.

வெட்கத்தை விட்டுச் சொல்லிவிடுகிறேன். எங்கள் குடியிருப்புச் சங்கத்தில் செயலாளர் பதவிக்கு நின்று, ஒரே ஒரு ஓட்டு வாங்கித் தோற்றேன். எதிர்த்து நின்ற மாடிவீட்டு மணிராஜுக்குப் பதினேழு.

மூன்று வருடமாக நான்தான் செயலாளர். கூட்டத்தில் எல்லாருக்கும் ஒரு கையில் வடையும் மறு கையில் டீயும் கொடுத்துவிட்டு, "ஆட்சேபணை உள்ளவங்க கை தூக்கலாம்" என்பேன். ஒருவரும் தூக்கியதில்லை. ஏகமனதாகத் தேர்வு. இந்த வருடம் மணிராஜ் முழு வடையையும் வாயில் திணித்துக்கொண்டு கையைத் தூக்கிவிட்டான். மென்று முடித்து, "அண்ணாச்சி, சீட்டு எழுதிப் போடுவோம். அதாம் சனநாயகம்" என்கிறான். என் குளியல் முடிந்ததும் நான் மோட்டாரை அணைத்துவிடுகிறேனாம், அந்தக் கோபம். சரி, வீட்டுக்கு ஒரு ஓட்டு, அதுவும் சொந்தக்காரருக்குத்தான் என்றேன். வாடகைக்கு இருக்கிற ஃபஹ்மிதா டீச்சர் விடவில்லை. "தண்ணி நின்னா வாடகைக்காரங்களுக்கும் சேர்த்துத்தான சார் நிக்குது? பதினெட்டு வயசு ஆன எல்லாருக்கும் ஆளுக்கு ஒண்ணு." நானும் பெருந்தன்மையாக, ரகசிய ஓட்டே நடக்கட்டும் என்று, நானே சீட்டு வெட்டி, எங்கள் வீட்டு முறுக்குச் சம்புடத்தின் மூடியில் துளை போட்டு, ஆள் ஆளாகப் பேர் கூப்பிட்டு நடத்திக் கொடுத்தேன்.

எண்ணி முடித்தபிறகுதான் உறைத்தது. அந்த ஒன்று, நான் எனக்குப் போட்டது. அப்போ உங்கள் தங்கை யாருக்குப் போட்டாள்? வீட்டுக்கு வந்து பைய கேட்டேன்.

"ஓட்டு ரகசியம்னு நீங்கதான சொன்னீய?"

"புருசன்கிட்ட என்ன ரகசியம்?"

"அப்ப எனக்குன்னு தனிச் சீட்டு எதுக்குத் தந்தீய? உங்க சீட்டுலயே ரெண்டுன்னு எழுதிப் போட்டிருக்கலாம்லா."

நியாயம் கேட்டு மணிராஜிடமே போனேன். "மதினி எனக்குப் போட்டிருந்தாவன்னா, அதுதாம் அண்ணாச்சி நெசமான சனநாயகம்" என்று பல்லைக் காட்டுதான். மாடிப்படியில் நின்று "இது குடும்பத் துரோகம்லே" என்று நான் கத்தியது கீழே கோமு காதில் விழுந்துவிட்டது. ஆறு நாளாச்சு. சோறு வருது, குழம்பு வருது, பேச்சு வரலை. துண்டு கேட்டால் கதவிடுக்கு வழியாகத் துண்டு மட்டும் வருது. முப்பது வருசத்தில் இப்படி ஒரு அமைதி இந்த வீட்டில் இருந்ததில்லை அத்தான், தாங்க முடியலை.

போனில் சொன்னால் அவள் காதில் விழுந்துவிடும் என்றுதான் கடிதம். நீங்கள் கோயம்புத்தூரிலிருந்து கூப்பிட்டு, நான் கேட்கச் சொன்னதாகக் காட்டிக்கொள்ளாமல், யாருக்குப் போட்டாள் என்று விசாரிக்கவும். ஒத்துக்கொண்டால் மன்னித்துவிடுகிறேன். ஆனால் அவள்தான் முதலில் பேச வேண்டும்.

சித்ரலேகா அக்காவுக்கு என் வணக்கம். காந்திமதி அம்மை உங்கள் வீட்டில் பேச்சு வற்றாமல் பார்த்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
ஐயம்பெருமாள்

பி.கு.: அத்தான், போன் போட வேண்டாம். உறையை ஒட்டப் போகிற நேரம், துவைக்க எடுத்த என் வெள்ளைச் சட்டையின் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசையில் வைத்துவிட்டுப் போனாள் கோமு. தேர்தல் அன்று போட்டிருந்த சட்டை. நான் எழுதி, நாலாக மடித்த என் ஓட்டுச்சீட்டு. சம்புடத்தில் போட மறந்திருக்கிறேன்.