என் தலைமுடியை நீ நேர்ந்துகொண்டது பற்றி

திருப்பதி,
வியாழக்கிழமை.

அன்புள்ள அக்கா சுந்தராம்பாளுக்குத் தங்கை தேவசேனா வணக்கத்துடன் எழுதுவது.

நகரியில் நீயும் மாமாவும் நலமாக இருப்பீர்கள், தறிகள் ஓடிக்கொண்டிருக்கும், அவை ஓடக் கரண்டும் இருக்கும் என்று நம்புகிறேன். இங்கே எல்லோரும் நலம். நானும் நலம். நான் நலமாகிவிட்டதுதான் இப்போது பிரச்சினை. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நீ என்னைப் பேச விடுவதில்லை. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் எழுதினால், எழுதியதைப் படிக்காமலே எல்லோரும் கும்பிடும் கைகளை அனுப்புகிறார்கள். கடிதம் என்றால் நீ உட்கார்ந்து படித்தாக வேண்டும். தமிழில் எழுதுவதில் இன்னொரு வசதியும் உண்டு. உன் பக்கத்து வீட்டு வெங்கடம்மாவுக்குத் தெலுங்கு மட்டும்தான் படிக்க வரும். தணிகைவேல் நாளை புத்தூருக்கு வேலையாக வருகிறார். அப்படியே நகரிக்கு வந்து இதை உன் கையில் கொடுப்பார். எனக்குப் புருஷன் என்பதைவிட இந்த விஷயத்தில் உன் கட்சிக்காரர் என்பதால், பத்திரமாகக் கொண்டுவந்து சேர்ப்பார்.

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சனிக்கிழமை வேன் வர வேண்டாம். என் முடியை நான் தர மாட்டேன்.

இனி விரிவாக. போன ஐப்பசியில் கல்லூரியில் நாளமில்லாச் சுரப்பிகளைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது எனக்கே தூக்கம் வந்தது. மாணவர்களுக்கும் வந்ததால் அது பாடத்தின் குணம் என்று விட்டுவிட்டேன். பிறகு, மழை பெய்யாத நாளிலும் குளிர்ந்தது. சீப்பில் முடி கொத்துக்கொத்தாக வந்தது. ஏதாவது சொல்லத் தொடங்கி, எதைச் சொல்ல வந்தேன் என்று தணிகைவேலைக் கேட்டேன். நான் கோபமாக இருப்பதாக நினைத்துக்கொண்டு அவர் சில வாரம் மிகவும் மரியாதையாக நடந்துகொண்டார். கழுத்தில் பட்டாம்பூச்சி மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும் அந்தச் சுரப்பியை வருஷா வருஷம் கரும்பலகையில் வரைகிறவள் நான். என் கழுத்திலும் ஒன்று இருப்பது எனக்குக் கடைசியில்தான் ஞாபகம் வந்தது. டாக்டர் கல்பனா ரத்தம் எடுத்துப் பார்த்தார். தைராய்டு வேலை செய்வதை ஏறக்குறைய நிறுத்திவிட்டது, காலையில் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை, காபி ஒரு மணி நேரம் கழித்து என்றார். விஷயம் அவ்வளவுதான். அதோடு நின்றிருக்கும், நான் உனக்குப் போன் செய்யாமல் இருந்திருந்தால்.

நீ அன்று சாயந்திரமே விளக்கேற்றி, மலை இருக்கும் திசையைப் பார்த்து, தேவிக்குத் தைராய்டு இறங்கிவிட்டால் அவள் முடியில் மூணு கத்தரி கொடுப்பதாக நேர்ந்துகொண்டாய். மூணு கத்தரி என்றால் நுனியில் மூன்று வெட்டு. அது போகட்டும் என்று நானும் பேசாமல் இருந்தேன். நான் செய்த முதல் தவறு அதுதான். உன்னிடம் பேசாமல் இருந்தால் நீ அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வாய் என்பது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை.

தை மாதம் என்னைப் பார்த்துக்கொள்வதற்கென்று வந்து இங்கே தங்கினாய். வெறும் வயிற்றில் மாத்திரை விழுங்கினால் குடல் வெந்துபோகும் என்று நீயாக ஒரு மருத்துவம் கண்டுபிடித்து, தினமும் காலையில் ஒரு சொம்பு ராகி ஜாவாக் கூழைப் பால் விட்டுக் காய்ச்சி மாத்திரையோடு நீட்டினாய். நான் மறுத்தபோது நீ அழுதாய். நீ அழுதால் எனக்குச் சமாளிக்கத் தெரியாது என்பதால் குடித்தேன். ராகியிலும் பாலிலும் இருக்கும் சுண்ணாம்புச்சத்து அந்த மாத்திரையை ரத்தத்தில் சேர விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும். இதை நான் மாணவர்களுக்கு எழுதிப்போடுகிறேன், தேர்வில் கேட்கிறேன், எழுதாதவர்களுக்கு மார்க் குறைக்கிறேன். அப்படிப்பட்டவள் அந்த ஜாவாவை வெல்லம் போட்டுக் குடித்தேன். மறுபடி ரத்தம் எடுத்தபோது எண் கொஞ்சமும் அசையவில்லை. அதே வாரம் குளியலறையில் தண்ணீர் தேங்கி, பிளம்பரைக் கூப்பிட்டால், அவர் குழாயிலிருந்து ஒரு தேங்காய் நார்க் கற்றை அளவுக்கு முடியை உருவிப் போட்டார். அதைப் பார்த்து நீ தலையில் அடித்துக்கொண்டாய். மூணு கத்தரி சாமிக்குப் போதவில்லை, அதனால்தான் அவர் கண் திறக்கவில்லை என்று முடிவு செய்து, பிளம்பர் அங்கே நின்றுகொண்டிருக்கும்போதே வேண்டுதலை முழு மொட்டையாக உயர்த்தினாய். நடுவில் ராகி என்று ஒன்று இருந்ததை யாரும் சாமியிடம் சொல்லவில்லை.

நீ ஊருக்குப் போனாய். ராகியும் உன்னோடு போனது. இரண்டு மாதத்தில் எண் இறங்கியது. நான் மாத்திரைக்கு நன்றி சொன்னேன். தணிகைவேல் குழுவில் அறிவித்தார். கும்பிடும் கைகள் வந்தன. உன் போன் வந்தது.

"இன்னாடி, எறங்கிடுச்சாமே. வேன் சொல்லிட்டேன். மாமா தங்கச்சி வீட்டுக்காரங்களும் வராங்க. தலைக்கு எண்ண கிண்ண வெக்காத, கத்தி வழுக்கும்" என்றாய். அதையும் எப்படிச் சொன்னாய்? சண்டை போட முடியாதபடி, மெல்ல, கனத்த குரலில், ஒவ்வொரு வார்த்தையாக இறக்கி வைத்து. கொஞ்ச நாளாகவே போனை எடுத்தால் பேசுவது நீயா மாமாவா என்று சந்தேகம் வருகிறது. வேண்டுதல் விஷயம் என்பதால் பயபக்தியோடு பேசுவதாகக் காட்டிக்கொள்கிறாய் என்று எனக்குப் புரியாமல் இல்லை.

சரி, நேரில் வந்து விளக்கலாம் என்று போன ஞாயிற்றுக்கிழமை நகரிக்கு வந்தேன். சித்திரை வெயில். நீ ஃபேனை நிறுத்திவிட்டு, மாமாவின் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். என்னை வியர்க்க வைத்துச் சம்மதிக்கச் செய்யும் உத்தி இது என்று நினைத்துக்கொண்டு நானும் வியர்த்தபடியே பேசினேன். உனக்குப் புரியட்டும் என்று உன் தறிக் கொட்டகையையே உதாரணமாகச் சொன்னேன். தைராய்டு என்பது தறி ஓட்டும் ஆள். மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் இருக்கும் பிட்யூட்டரி என்பது முனிசாமி மாமா. துணி குறைந்தால் மாமா கத்துவார். துணி சரியாக வந்தால் கத்துவதை நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போவார். டாக்டர் அளப்பது துணியை இல்லை, மாமாவின் கத்தலை. டி.எஸ்.எச். என்பது அந்தக் கத்தல்தான். எனக்குக் கத்தல் ஏறியிருந்தது, காரணம் துணி இறங்கியிருந்தது. நீயோ தைராய்டு இறங்க வேண்டும் என்று வேண்டியிருக்கிறாய். அது ஏற்கெனவே இறங்கித்தான் கிடந்தது, அதுதான் நோயே. நீ கேட்டதைக் கேட்டபடியே சாமி கொடுத்திருந்தால் நான் ஆஸ்பத்திரியில் படுத்திருப்பேன். நீ கேட்டது நடக்கவில்லை, நடந்ததை நீ கேட்கவில்லை, ஆகவே காணிக்கை செலுத்த வேண்டிய கட்டாயம் இல்லை. இவ்வளவையும் நான் கோர்வையாகச் சொல்லி முடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தால், நீ சுவரில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாய்.

நான் எழுப்பியதும் கண்ணைக்கூட முழுசாகத் திறக்காமல் சொன்னாய்: "சாமிக்குத் தெரியாதாடி, நான் இன்னா நெனச்சிக்கினு கேட்டேன்னு?"

அக்கா, எம்.எஸ்ஸி., பிஎச்.டி. எல்லாம் படித்திருக்கிறேன். இதற்குப் பதில் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

அன்று நீ போட்ட காபியில் சர்க்கரை இரண்டு தடவை விழுந்திருந்தது. மாமாவின் காபியிலும்தான். அவருடைய கணையம் ஏற்கெனவே இன்சுலின் விஷயத்தில் கை விரித்துவிட்டது என்று உனக்குத் தெரியும். என் மேல் இருந்த கோபத்தில் கவனம் தப்பியது என்று எடுத்துக்கொண்டேன். பஸ் ஏற்றிவிட வருகிறேன் என்று எழுந்தவள், வாசல் படியில் உட்கார்ந்து, கால் வீங்கியிருக்கிறது, நீ போ என்றாய். அதுவும் என்னை இளக வைக்கத்தான் என்று தெரிந்தது. பஸ்ஸில் வடமாலைப்பேட்டை வரை குற்ற உணர்ச்சியோடு வந்தேன்.

உடம்பைப் பற்றி இவ்வளவு காலம் படித்ததில் ஒன்று தெரிந்துகொண்டேன். எந்தச் சுரப்பியும் தனியாக வாழ்வதில்லை. ஒன்று ஒரு சொட்டு விட்டால் ரத்தத்தோடு போய் வேறெங்கோ ஒன்று அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும், நம் குடும்பம் மாதிரி. வேன் பெயரைக் கேட்டாலே சிறுநீரகத்தின் தலையில் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் வேலையைத் தொடங்கி என் நெஞ்சு அடித்துக்கொள்கிறது. ஐம்பது நெருங்குவதால் சினைப்பையும் கடையைக் கட்டப் பார்க்கிறது. வகுப்பின் நடுவே முகமெல்லாம் தீயாகி, பிறகு ஒன்றும் நடக்காதது போல அணைகிறது. ஒருத்தியின் உடம்புக்குள் இத்தனை பேர் கேட்காமல் முடிவெடுத்துக்கொண்டிருக்கும்போது, வெளியே இருந்தும் ஒருத்தர் முடிவெடுத்தால் நான் எங்கே போவேன்?

அழகுக்காக மறுக்கிறேன் என்று மாமாவிடம் சொன்னாயாம். அழகு போய் வெகுகாலம் ஆகிறது. போன வருஷம் கொட்டியது இப்போதுதான் நெற்றி ஓரத்தில் முளைத்திருக்கிறது, குட்டையாக, எந்தப் பின்னலுக்கும் அடங்காமல். தினமும் கண்ணாடியில் அதைத்தான் பார்க்கிறேன். அது என்னைக் கேட்டு வளரவில்லை, ஆனாலும் என்னுடையது. மலைக்கு மேல் மொட்டை போட்டுக்கொண்டு வரும் பெண்களை இந்த ஊரில் அன்றாடம் பார்க்கிறேன். அவர்கள் முகத்தில் ஒரு நிம்மதி இருக்கும். அது அவர்களே கொடுத்ததால் வந்த நிம்மதி என்று நினைக்கிறேன். என்னை நீ ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். மாட்டேன் என்றுதான் சொல்லியிருப்பேன். இருந்தாலும் கேட்டிருக்கலாம்.

ஆகவே வேன்காரரிடம் சொல்லிவிடு. மாமாவுக்கு என் வணக்கம், சர்க்கரையைப் பார்த்துக்கொள்ளச் சொல். மாமாவின் தங்கை வீட்டாருக்கு, தரிசனத்துக்கு எப்போது வந்தாலும் நம் வீட்டில் பாய் உண்டு, கத்திதான் இல்லை என்று சொல். என் மகள் ரக்ஷிதா பெரியம்மாவுக்கு முத்தம் அனுப்பியிருக்கிறாள். மூத்தவள் நீ, சின்னவள் நான் உனக்கு ஆசி சொல்லக்கூடாது. ஆகையால் உன் ஆசியை மட்டும் கேட்டு, முடியோடு முடிக்கிறேன்.

உன் தங்கை,
தேவசேனா.

பின்குறிப்பு: மேலே எழுதியதைப் படி, ஆனால் அதன்படி எதுவும் செய்யாதே. சனிக்கிழமை வேன் வரட்டும்.

கடிதத்தை ஒட்டுவதற்கு முன் தணிகைவேல் ஒரு தடவை படிக்கிறேன் என்று வாங்கினார். படித்துவிட்டு, "இன்னா தேவசேனா, போன வருசம் உனக்கு வந்ததையெல்லாம் உங்கக்கா தலையில எழுதி வெச்சிருக்க?" என்று கேட்டார். சாதாரணமாகத்தான் கேட்டார். நான் அவரிடமிருந்து காகிதங்களைப் பிடுங்கி மறுபடி படித்தேன். ஸ்வெட்டர். குரல். தூக்கம். இரண்டு தடவை சர்க்கரை. கால் வீக்கம். உன் எதிரே உட்கார்ந்து தைராய்டைப் பற்றியே மணிக்கணக்கில் பேசினேன், உன் முகத்தைப் பார்க்கவில்லை. இது ஒரே ரத்தத்தில் அக்கா தங்கைக்குச் சேர்ந்தே வரக்கூடிய விஷயம் என்றும் வகுப்பில் சொல்கிறவள்தான் நான். பிளம்பர் உருவிப் போட்ட கற்றை மருதாணிச் சிவப்பு. நான் மருதாணி வைப்பதில்லை, நீதான் வைப்பாய். என் முடி என்று நீ தலையில் அடித்துக்கொண்டு அழுதது உன் முடிக்கு.

ரத்தம் எடுத்துப் பார்க்காமல் எதையும் நிச்சயமாகச் சொல்லமாட்டேன், என் சுபாவம் உனக்குத் தெரியும். சனிக்கிழமை காலையில் டாக்டர் கல்பனாவிடம் உனக்கு நேரம் வாங்கிவிட்டேன். உன்னைக் கேட்காமல்தான் வாங்கினேன். மற்றவர்கள் தரிசனத்துக்குப் போகட்டும். நீ முதலில் என்னோடு வா. மாத்திரை கொடுத்தால் இங்கேயே தங்கு. ராகி மாவு கொண்டுவராதே.

இன்னொன்று. எழுதக் கை கூசுகிறது. நானும் நேர்ந்துகொண்டிருக்கிறேன். உன் முடியை இல்லை, பயப்படாதே. என்னுடையதை, முழுசாக, நெற்றி ஓரத்தில் முளைத்த குட்டையையும் சேர்த்து. ஆனால் உன்னைப் போலக் கேட்கவில்லை. அக்காவுக்கு டி.எஸ்.எச். இறங்க வேண்டும், தைராய்டு ஏற வேண்டும் என்று தெளிவாகச் சொன்னேன். சாமிக்குச் சந்தேகம் வந்துவிடக்கூடாது என்று தெலுங்கிலும் ஒரு தடவை சொன்னேன்.